தோட்டாக்களை ஈரத்திலிருந்து காத்தல்

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் தேவைப்படுவதால், கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றியை விரட்ட உரிமத்துடன் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்போர், வெடித்த கூட்டில் மீண்டும் மருந்து நிரப்ப வீட்டில் முயலவே கூடாது. வெடி ஒவ்வொன்றும் ஒரே சீராக அமைய, ஒரே தயாரிப்பும் ஒரே குண்டளவும் கொண்டு, குழலில் பொறித்த அளவுக்குப் பொருந்தும் தோட்டாக்களையே வாங்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் தாள்கூடு எளிதில் உப்பிவிடும் என்பதால், காற்றுப் புகாத, பூட்டிய பெட்டியில், சிலிக்கா ஜெல் எனப்படும் ஈரம் உறிஞ்சும் மணிப்பொதியுடன் வைத்து, பழையவற்றை முதலில் பயன்படுத்துவது நலம். எண்ணெய்த் துணியால் துடைப்பது பெருந்தவறு. அடிப்பகுதியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடிக்குள் எண்ணெய் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். பச்சைக் களிம்பேறியதையும் உப்பியதையும் வெயிலில் காயவைக்காமல், காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, அங்கு சொல்லப்படும் முறையில் ஒப்படைக்க வேண்டும்.