கடன்பட்டு ஈவுத்தொகை பெறுவது ஆதாயமா?



பற்று வரவு பார்க்காமல் நம்மில் எவரும் இரவில் கடையைப் பூட்டுவதில்லை. ஆனால் கடைக்கு வெளியே ஓர் ஆதாயம் இருப்பதாகப் பிறர் சொல்லக் கேட்டால், அதற்கு மட்டும் நாம் கணக்கேட்டைத் திறப்பதில்லை. "வங்கியில் கடன் வாங்கி அமானா சஹாமில் போடுங்கள், வருகின்ற ஈவே தவணையைக் கட்டிவிடும், கைக்காசு ஒன்றும் போகாது" என்ற பேச்சு நம்மிடையே உலவி வருகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இங்கு கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் அந்த நிதியம் யாதென அறிவோம். அமானா சஹாம் பூமிபுத்ரா என்பது 1990ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 1 வெள்ளி. அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஆண்டுதோறும் பங்குக்கு இத்தனை காசு என ஈவு அறிவிப்பார்கள். பெயருக்கேற்ப இது பூமிபுத்ராக்களுக்கு உரியது. தாயோ தந்தையோ மலாய்க்காரராக அமைந்து அத்தகுதி பெற்ற பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு. ஏனையோருக்கு, மலேசியர் அனைவருக்கும் பொதுவான அமானா சஹாம் மலேசியா போன்ற நிதியங்கள் உள்ளன. எந்த நிதியமாயினும், கடன் வாங்கிப் போடுவோர் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றே.

100,000 வெள்ளியை 30 ஆண்டுக் கடனாக, ஆண்டுக்கு 5 விழுக்காட்டில் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 537 வெள்ளி. ஆண்டுக்கு 6,442 வெள்ளி. பங்குக்கு ஐந்தரைக் காசு ஈவு கிடைத்தால் வரவு 5,500 வெள்ளி. ஆகவே ஈவு முழுவதையும் வங்கிக்கே கொடுத்தாலும் ஆண்டுக்கு 942 வெள்ளி நம் பையிலிருந்து போக வேண்டும். "கைக்காசு போகாது" என்ற பேச்சு முதல் வரியிலேயே பொய்த்துவிடுகிறது.

அப்பேச்சு எங்கிருந்து பிறந்தது? 2014இல் இந்நிதியம் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பங்குக்கு 8.50 காசு கொடுத்தது. அந்த ஆண்டில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. 2018இல் அது 7 காசாயிற்று, 2019இல் 5.50 காசாயிற்று. கடனோ 30 ஆண்டுக்கு எழுதப்படுவது. மேலும் இத்தகைய கடன்களின் விகிதம் பெரும்பாலும் மாறக்கூடியது. 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்த பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காடாக ஏறியது. ஈவு இறங்கலாம், வட்டி ஏறலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அரை விழுக்காட்டை நம்பியே நாம் 30 ஆண்டு நடக்க வேண்டும்.

"தவணையைக் கடை வருமானத்திலிருந்து கட்டுவேன், ஈவைத் தொடாமல் அங்கேயே விட்டுவைப்பேன்" என்று ஒருவர் கூறலாம். நல்லது. ஆண்டுதோறும் ஐந்தரைக் காசு தவறாது வந்தால், 30 ஆண்டு முடிவில் அவர் கையில் ஏறத்தாழ 498,000 வெள்ளி இருக்கும். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அதே 537 வெள்ளியைக் கடனே இல்லாமல் மாதந்தோறும் அதே நிதியத்தில் போட்டு வந்தவர் கையில் என்ன இருக்கும்? ஏறத்தாழ 478,000 வெள்ளி. முப்பதாண்டுக் கடன் சுமையின் கூலி 20,000 வெள்ளி! ஈவு சராசரி நாலரைக் காசாகக் குறைந்தால் கடன்பட்டவருக்கு ஏறத்தாழ 375,000, கடன்படாதவருக்கு 401,000. அப்போது கடன்பட்டவரே பின்தங்கி நிற்பார்.

இடையில் விலக நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ண வேண்டும். ஐந்தாண்டில் கட்டிய தவணை 32,000 வெள்ளிக்கு மேல். அசலில் குறைந்ததோ 8,200 வெள்ளிக்கும் கீழ். பங்குகள் வங்கியிடம் ஈடாக இருப்பதால், கடன் தீரும்வரை அவற்றை நம் விருப்பம்போல் விற்க இயலாது. கடனும் பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் ஏறிவிடும். நோன்புப் பெருநாள் கொள்முதலுக்கோ, கடையை விரிவாக்கவோ நாளை வங்கிப் படியேறினால், "ஏற்கெனவே உமக்குக் கடன் இருக்கிறதே" என்பார்கள். வணிகனுக்குக் கைமுதலே உயிர். அரை விழுக்காட்டுக்காக அதை அடைத்துவைப்பது அறிவுடைமையாகுமா?

நிற்க. நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்நிதியத்தில் முதலிடுவது ஆகுமானதென்று 2008இல் தேசிய ஃபத்வாக் குழு முடிவு செய்தது. எனினும் இத்தகைய முடிவுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடக்கூடும். அன்றியும், முதலிடுவது வேறு. அதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவது வேறு. முன்னது ஆகுமென்பதால் பின்னதும் ஆகுமென்று கொள்ளலாகாது. இஸ்லாமிய வங்கிகள் வட்டியின்றி விற்பனை ஒப்பந்த அடிப்படையில் நிதி தருகின்றன. ஐயமிருப்பின் தம் மாநில முஃப்தி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே முறை. அங்கும் தவணை தவணையே. மேலே கண்ட கணக்கு மாறாது.

அப்படியாயின் இது எவருக்கும் ஆகாதா? அவ்வாறு சொல்ல மாட்டோம். நிலையான மாதச் சம்பளம் உடையவர், கடன் விகிதத்துக்கும் ஈவுக்கும் நல்ல இடைவெளி இருக்கும் காலத்தில், கட்டாயச் சேமிப்பாக இதை எண்ணிச் செய்யலாம். நம்மைப் போல் ஒரு மாதம் ஏற்றமும் மறு மாதம் இறக்கமும் காண்போர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓராண்டு ஈவே வராவிட்டாலும் தவணையைக் கட்ட முடியுமா? கடன் விகிதம் ஒரு விழுக்காடு ஏறினால் தாங்குவோமா? இதே பணம் கடையில் சரக்காக நின்றால் இதைவிட அதிகம் ஈட்டாதா?

மூன்றுக்கும் மனமறிய விடை கிடைத்தபின் கையெழுத்திடுங்கள். இல்லையேல் அந்த 537 வெள்ளியை மாதந்தோறும் சொந்தப் பணமாகவே போட்டு வாருங்கள். கடை மெலிந்த மாதத்தில் நிறுத்திக்கொள்ளலாம், அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த விடுதலையின் மதிப்பு 20,000 வெள்ளிக்குக் குறைந்ததன்று என்பதே நம் கருத்து.