சிறுநீரக நோயும் எலும்பின் வலுவும்

சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒருவருக்கு இடுப்பு வலித்தால், “பால் வாளி சுமந்த உடம்பு, வலிக்காமல் இருக்குமா?” என்று விட்டுவிடுகிறோம். அவருக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ இருந்தால், அந்த வலிக்குச் சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம். 2018-இல் நடந்த ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறக்குறைய 15.5 விழுக்காட்டினருக்கு நீடித்த சிறுநீரக நோய் உள்ளது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

வெயிலிலும் உணவிலும் கிடைக்கும் வைட்டமின் டி சத்தை உடலுக்குப் பயன்படும்படி மாற்றுவது சிறுநீரகம். மிகுதியான பாஸ்பேட்டை வெளியேற்றுவதும் அதுவே. சிறுநீரகம் பழுதடைந்தால் பாஸ்பேட் இரத்தத்தில் தேங்கும், கால்சியம் குறையும். உடனே, கழுத்தில் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு எலும்பு வலி, தசைத் தளர்ச்சி, அரிப்பு வரலாம். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

கால்சியம் வாங்கிச் சாப்பிடலாமா?

பிள்ளைகள் அன்போடு கால்சியம் பால் மாவு வாங்கி வருவார்கள். மருத்துவரைக் கேட்காமல் அதைக் குடிக்க வேண்டாம். பாலில் பாஸ்பேட் அதிகம். மிகுதியான கால்சியமும் எலும்பில் சேராமல் இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் படியக்கூடும்.

அப்படியானால் கிளினிக்கில் ஏன் கால்சியம் கார்பனேட் மாத்திரை தருகிறார்கள்? பலருக்கு இதில்தான் குழப்பம். உணவிலுள்ள பாஸ்பேட்டை வயிற்றிலேயே பிடித்து வைக்கத்தான் அந்த மாத்திரை. அதனால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பாஸ்பேட் குறையாது.

கோலா பானம், நகெட், சாசேஜ் ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே உடலில் சேர்ந்துவிடும். பருப்பில் உள்ளது அந்த அளவுக்குச் சேராது. ஆகவே நீங்களாகவே சாம்பாரை நிறுத்திவிடாதீர்கள். அளவை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

வலி தாங்காமல் கடையில் ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

கிளினிக்கில் என்ன கேட்பது?

சிறுநீரக நோய் மூன்றாம் கட்டத்தை அடைந்தவர்கள் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை மட்டும் முழு விவரத்தையும் சொல்லாது. எலும்புத் தேய்மானத்துக்கு வழக்கமாகத் தரும் சில மருந்துகளும் முற்றிய சிறுநீரக நோய்க்கு ஒத்துவராது. ஆகவே மற்றவரின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தான் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், பால் மாவு டின்னையும், ஜாமு, நாட்டு மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.