உழவு இயந்திரத்தின் கிளச்சு வழுக்குதலை அறிதல்

வாய்க்காலில் நீர் விடும் நாட்கள் குறிக்கப்பட்டு, அயல் வயல்கள் யாவும் உழப்படும் வேளையில் எமது உழவு இயந்திரம் நடுவயலில் நின்றுவிடுமாயின், அதனால் வரும் நட்டம் திருத்தச் செலவு மட்டுமன்று. நீர்முறை தவறும், விதைப்புப் பிந்தும், பிந்தி விளையும் வயலையே பூச்சியும் பறவையும் நாடி வரும். இவ்வாறு நிற்கும் இயந்திரங்கள் பல, பல நாட்களுக்கு முன்பே தம் குறையை அறிவித்திருக்கும். அவ்வறிவிப்பை உணராமையே பெருஞ் செலவுக்குக் காரணமாகும். கிளச்சு வழுக்குதல் அத்தகைய குறைகளுள் ஒன்று.

கிளச்சின் தொழில்

எஞ்சினின் பின்புறத்திற் பிளைவீல் எனப்படும் பாரமான சில்லொன்று சுழலும். அதற்கும் அழுத்தும் தட்டுக்கும் இடையில், இருபுறமும் லைனிங் பொருத்திய கிளச்சுத் தட்டு அமைந்துள்ளது. வலிய விற்கள் இத்தட்டை நெருக்கிப் பிடிப்பதால் எஞ்சினின் வலுக் கியர்ப்பெட்டிக்குச் செல்கின்றது. பெடலை மிதித்தாற் பிடி தளரும். விட்டால் மீண்டும் இறுகும். பெடலை முற்றாக விட்ட பின்னரும் பிடி முழுமையாக இறுகாதிருப்பதையே வழுக்குதல் என்கிறோம்.

செவியாலும் கண்ணாலும் அறிதல்

சேற்றில் இயந்திரம் முன்னேறாத போதெல்லாம் கிளச்சைக் குறைகூறுதல் தவறு. எஞ்சினின் ஒலியைக் கேட்டுப் பின்சில்லையும் பார்த்தல் வேண்டும்.

1. ஒலி தாழ்ந்து எஞ்சின் திணறுமாயின், கலப்பை அளவுக்கு மிஞ்சி ஆழமாகச் செல்கின்றது. அன்றேல் எஞ்சினின் வலுக் குறைந்துள்ளது. எரிபொருள் வடியையும் காற்று வடியையும் பார்க்குக.

2. ஒலி குறையாது, பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழலுமாயின், சில்லுக்கு நிலத்திற் பிடியில்லை. இது ரயரின் குறை அல்லது சேற்றின் ஆழம், கிளச்சின் குறையன்று.

3. ஒலி உயர்ந்து, பின்சில்லு மெதுவாகச் சுழலுமாயின் அல்லது நிற்குமாயின், கிளச்சு வழுக்குகின்றது. கருகிய நாற்றமும் வருமாயின் ஐயமில்லை.

குறை தொடங்கும் காலத்தில் இது எப்போதும் தோன்றாது. நெல்மூடை ஏற்றிய பெட்டியுடன் மேட்டில் ஏறும்போதோ, கடினமான நிலத்தில் உழும்போதோ மட்டுமே தோன்றும். அந்நிலையிலேயே கவனித்தல் நன்று.

உறுதி செய்யும் சோதனை

உலர்ந்த சமநிலத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கலப்பையையும் பெட்டியையும் கழற்றுக. முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாதிருத்தல் வேண்டும். இரண்டு பிறேக் பெடல்களையும் ஒன்றாகப் பூட்டி, கைப்பிறேக்கையும் போடுக. எஞ்சினை மிதமாக ஓடவிட்டு, மிக வேகமான கியரைப் போட்டு, பிறேக்கை அழுத்தியவாறே கிளச்சுப் பெடலை மெல்ல விடுக. எஞ்சின் திணறி நின்றுவிடுமாயின் கிளச்சு நன்றாகப் பிடிக்கின்றது. தொடர்ந்து ஓடுமாயின் வழுக்குகின்றது. உடனே பெடலை மிதித்து எஞ்சினை நிறுத்துக. சில விநாடிகளுக்கு மேல் இதனைச் செய்யலாகாது. தட்டுச் சூடேறிக் கருகும். தாழ்ந்த கியரில் ஒருபோதும் செய்யற்க; பிறேக்கை மீறி இயந்திரம் பாயக்கூடும்.

காரணங்களும் பரிகாரங்களும்

முதலிற் பார்க்க வேண்டியது பெடலின் வெற்றசைவு ஆகும். எஞ்சினை நிறுத்திய பின் பெடலைக் கையால் அழுத்துக. எதிர்ப்புத் தோன்றுமுன் அது சிறிது தூரம் இலகுவாகச் செல்லுதல் வேண்டும். பல இயந்திரங்களில் இவ்வளவு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்கும். உமது இயந்திரத்தின் கைந்நூலிற் கூறப்பட்ட அளவே முடிவானது. லைனிங் தேயத் தேய இவ்வசைவு குறைந்து கொண்டே வரும். அது அற்றுப்போனால், பெடலை மிதியாத வேளையிலும் கிளச்சு அரைகுறையாக விடுபட்டிருக்கும். இணைப்புக் கம்பியின் நட்டைத் தளர்த்தி அளவைச் சரிசெய்க. அளவு மிஞ்சினால் கிளச்சு முற்றாக விடுபடாது. கியர் போடும்போது அரையும்.

அளவு சரியாயிருந்தும் வழுக்குமாயின், கிளச்சுக் கூட்டின் அடியிலுள்ள துளையைப் பார்க்குக. அங்கு ஒயில் சொட்டுமாயின், சீல் பழுதடைந்து ஒயில் உள்ளே கசிகின்றது. அது லைனிங்கில் ஊறியிருத்தல் கூடும். ஊறிய தட்டைக் கழுவிப் பயனில்லை. சீலை முதலில் மாற்றிய பின்னரே புதிய தட்டைப் போடுதல் வேண்டும். அன்றேல் புதியதும் கெடும். ஒயிலும் இல்லையாயின், லைனிங் தேய்ந்துள்ளது அல்லது விற்கள் வலுவிழந்துள்ளன. இவ்வேலையைத் தேர்ந்த திருத்துநரிடம் விடுக. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடுமாதலால், அதன் தூசை ஊதுதலோ சுவாசித்தலோ ஆகாது.

இருசில்லு உழவு இயந்திரமாயின், எஞ்சினிலிருந்து வலுவைக் கொண்டு செல்லும் பட்டிகளை முதலிற் பார்க்குக. பட்டி தளர்ந்தாலும், ஒயில் பட்டாலும், தேய்ந்தாலும் கிளச்சு வழுக்குவது போன்றே தோன்றும். தேய்ந்த பட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றாது, யாவற்றையும் ஒருங்கே மாற்றுக.

ஓர் அனுபவம்

எமது பிரிவில் ஒரு கமக்காரர், தமது இயந்திரம் சேற்றில் இழுக்கவில்லையென்று நகையை அடைவு வைத்துப் புதிய ரயர்கள் வாங்கினார். குறை நீங்கவில்லை. யாம் சென்று பார்த்தபோது பெடலில் வெற்றசைவு சிறிதும் இல்லை. உழும்போதெல்லாம் பெடலின்மேற் காலை வைத்திருப்பதும் அவர் வழக்கம். கம்பியைச் சரிசெய்தோம், ஆயினும் தட்டு முன்னரே கருகியிருந்தது. அதனையும் அவர் வாங்க நேர்ந்தது; அப்போக விதைப்பும் பிந்தியது. முதல் நாள் நாற்றம் வந்தபோதே பார்த்திருப்பின், ஒரு ஸ்பனரும் கால் மணி நேரமும் போதியனவாயிருந்திருக்கும்.

நினைவிற் கொள்க

உழும்போது கிளச்சுப் பெடலின்மேற் கால் வைத்திருத்தலாகாது. புதைந்த இயந்திரத்தைக் கிளச்சை அரைவாசி விட்டுப் பிடித்து வெளியேற்ற முயலற்க. ஒவ்வொரு போகத்திலும் உழவு தொடங்குமுன் வெற்றசைவை அளந்து பார்க்குக. இயந்திரத்தை வேறொருவர் ஓட்டுவாராயின், இம்மூன்றையும் அவருக்கும் கூறி வைத்தல் உமது கடமையாகும்.