தொழுவத்தில் தொடங்கும் காய்ச்சல்

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் மிகுந்த வியர்வை, இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி ஆகியவற்றோடு வருவோரிடம், "வீட்டில் மாடு இருக்கிறதா? அண்மையில் கன்று வீசியதா?" என்று நாங்கள் கேட்பதுண்டு. புருசெல்லோசிஸ் எனப்படும் கன்று வீச்சு நோய் மாட்டிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதே காரணம். இதன் கிருமியை 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்தார்.

நோயுற்ற பசு பெரும்பாலும் ஐந்து மாதச் சினைக்குப் பின் கன்று வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்றை ஈன்றாலும், அதன் பாலிலும் ஈற்றுக் கழிவுகளிலும் கிருமி வெளியேறக்கூடும். தோற்றத்தில் நலமாக இருப்பதால் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பகுதிகளில் ஓரிரு கறவை மாடுகளை வளர்ப்போர், பால் கறப்பதையும் ஈற்றுக்கு உதவுவதையும் தாமே செய்கின்றனர். அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை தடுப்பூசி போடுக. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். இது உயிருள்ள கிருமியால் ஆனது. சினைமாடுகளுக்கும் காளைக் கன்றுகளுக்கும் போடலாகாது.

2. புதிதாக வாங்கும் மாட்டை, இரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியே கட்டுக.

3. மாடு கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். கருவுற்ற பெண்கள் அருகில் செல்ல வேண்டா. 1962 என்னும் எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை அழைக்கவும். இளங்கொடியை ஆலமரத்தில் கட்டாமல், வீசிய கன்றுடன் சேர்த்துச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும்.

4. பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகவும், தயிருக்கு உறையிடவும்.

நோயுற்ற மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால், நோய் வேறொரு வீட்டுத் தொழுவத்தை அடையும். இழப்பு பெரிதெனினும், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே முடிவு செய்க.

மனிதருக்கு இந்நோய் குணமாகக்கூடியது. வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து, குறைந்தது ஆறு வாரம் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தாலும் மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அரிது. ஆதலால் நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டா.

காய்ச்சலுக்கு மருத்துவரை அணுகும்போது, அவர் கேட்கும்வரை காத்திராமல், வீட்டில் மாடு இருப்பதைக் கூறுங்கள். நோயை விரைவில் கண்டறிய அந்த ஒரு செய்தி எங்களுக்குப் பெரிதும் உதவும்.