மாந்தோப்பில் மேகியர்

சோலையும் ஆற்றங்கரையும் தியானத்திற்கு உகந்தவை என்பதில் ஐயமில்லை. பகவன் தாமே நிரஞ்சரை நதியருகில் மரத்தடியில் அமர்ந்தன்றோ நிறைஞானம் எய்தினார்! ஆயின் மரநிழல் ஒன்றே மனத்தை அடக்கிவிடுமோ? இதற்கு உதானத்தின் 4-ஆம் வர்க்கத்து முதற் சூத்திரம் விடை தருகின்றது.

பகவன் சாலிகா மலையில் தங்கியிருந்தபோது உடனிருந்து தொண்டு செய்தவர் மேகியர். அவர் ஜந்து கிராமத்தில் பிச்சையேற்று உண்டபின் கிமிகாளா ஆற்றங்கரையில் உலவுங்கால், அழகியதோர் மாந்தோப்பைக் கண்டு, அங்கே சென்று தியானிக்க விடை வேண்டினார். யாம் தனித்திருக்கின்றோம், வேறொரு பிக்கு வரும்வரை பொறுத்திரும் என்றார் பகவன். பகவனுக்குச் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை, தமக்கோ எஞ்சியுள்ளது என்று மேகியர் வற்புறுத்தினார். மூன்றாம் முறை கேட்டபோது பகவன் தடுக்கவில்லை.

தோப்பில் அமர்ந்த மேகியரைக் காம நினைவும், வெகுளி நினைவும், இம்சை நினைவும் சூழ்ந்துகொண்டன. துறவு பூண்ட நமக்கா இவை என்று அவரே வியந்து, மாலையில் பகவனிடம் மீண்டார்.

இவ்விடத்து நம் அனுபவம் ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. ஆலையில் தறி ஓட்டிய நாளில், அவ்விரைச்சல் ஒழிந்தால் தியானம் தானே கைகூடும் என்று எண்ணியிருந்தோம். ஒரு ஞாயிறு விடியலில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் தனியே அமர்ந்தோம். மூச்சைக் கவனிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம், முதல்நாள் பலர் முன்னிலையில் நம்மை இழிவாகப் பேசிய மேஸ்திரியின் முகம் வந்து நின்றது. அவருக்குரிய மறுமொழிகளைக் கோத்தவண்ணம் வெயிலேறும்வரை இருந்தோம். தறியிரைச்சலில் அமுங்கிக் கிடந்த சினம் ஏரிக்கரை அமைதியில் நன்றாகக் கேட்டது.

மேகியரைப் பகவன் கடிந்ததாகச் சூத்திரத்தில் இல்லை. பக்குவமடையாத மனம் பக்குவமடைய ஐந்து துணைகள் உண்டென்றார். முதலாவது நற்கேண்மை, பின்னர் சீலம், நெறிக்குதவும் பேச்சு, ஊக்கம், தோன்றி மறைவதைக் காணும் ஞானம். நல்ல நண்பரை உடையார்க்கு மற்ற நான்கும் வாய்க்கும் என்றும் தெளிவுபடுத்தினார். அதன் பின்னரே காமத்திற்கு அசுப பாவனையும், வெகுளிக்கு மைத்திரியும், சிதறும் நினைவுக்கு ஆனாபானசதி என்னும் மூச்சு விழிப்பும், யான் என்னும் செருக்கிற்கு அநித்திய பாவனையும் மருந்தாக வகுத்தார். மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு துணையை விட்டுவிடுவோர் நம்முள் பலர்.

இது வனத்தைப் பழித்ததாகாது. கோசிங்க சாலவனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என மூவர் வாழ்ந்தனர். பிச்சையிலிருந்து முதலில் திரும்புபவர் இருக்கை விரித்துக் குடிநீர் வைப்பார்; கடைசியில் வருபவர் இடத்தைத் துப்புரவு செய்வார். வெறுங்குடத்தைக் கண்டவர் நிரப்புவார். தனியே இயலாவிடில் கையசைத்து மற்றவரை அழைப்பாரேயன்றி மௌனம் கலையார். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுதும் தன்மம் பேசி அமர்ந்திருப்பர்.

நம் ஏரிக்கரைக் கதையை முதிய உபாசகர் ஒருவரிடம் வெட்கத்துடன் கூறினோம். அவர் உபதேசம் ஏதும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு அழையாமலே உடன் வந்து, சற்றுத் தள்ளி அமர்ந்தார். மேஸ்திரியின் முகம் அன்றும் வந்தது. ஆனால் விரைவிலேயே போய்விட்டது.