காசு இல்லை, பேட்டரி!

போன நவராத்திரிக்குக் கொலுப்படியில் வைக்க பேட்டரி அகல் விளக்கு இருபது வாங்கினேன். எண்ணெய் சிந்தாது, பாவாடையில் தீப்பிடிக்காது என்று எனக்குப் பெருமை வேறு. கொலு பிரிக்கும் அன்று பார்த்தால் ஒரு விளக்கின் அடிமூடி கழன்று கிடக்கிறது, உள்ளே இருந்த வட்டமான பட்டன் பேட்டரியைக் காணோம். பக்கத்தில் என் தங்கையின் ஒன்றரை வயசுப் பிள்ளை உட்கார்ந்து சிரிக்கிறான். சோபாவைக் கவிழ்த்து, பாயை உதறி, அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் செட்டியார் பொம்மைக் கடையின் துவரம்பருப்புக்குள் கிடைத்தது.

தேடிக்கொண்டு நின்றதே தப்பு என்று பிறகு குழந்தை டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேவுக்கு ஓட வேண்டுமாம்.

"காசு முழுங்கினா வாழைப்பழம் குடு, காலையில வந்துடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வைத்தியம் இங்கே ஆகாது. பேட்டரியில் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், பாருங்கள். 20 என்பது அதன் அகலம், 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம், 3.2 மில்லிமீட்டர். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அந்த அகலம் போதும். சிக்கிய இடத்தின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, காஸ்டிக் சோடா மாதிரியான காரம் ஊறும். இரண்டே மணி நேரத்தில் சதை வெந்துபோகும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்றில்லை. ரிமோட்டுக்குப் போதாமல் தூக்கிப் போட்ட பழைய பேட்டரியிலும் இதற்கு வேண்டிய மின்சாரம் மிச்சம் இருக்கும். பழசு தானே என்று ஜன்னல் திட்டில் வைக்கிறோமே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

பொம்மையைவிட நம் சாமான்தான் மோசம் என்பேன். பொம்மையில் பேட்டரி மூடிக்குப் பெரும்பாலும் திருகாணி இருக்கும். கார் சாவி, கிச்சன் எடை மெஷின், குட்டி ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, திருவிழாக் கடையில் வாங்கும் மினுக்குச் சாமான்கள்... இவற்றில் பலவற்றை நகத்தாலேயே திறந்துவிடலாம். கீழே விழுந்தாலே மூடி பறக்கும். வாங்கும்போதே மூடியை இழுத்துப் பாருங்கள். திருகாணி இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மூடிமேல் கெட்டியான டேப் ஒட்டுங்கள். கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோடேப் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். மாற்றும் வேலையைக் குழந்தை தூங்கும்போது வைத்துக்கொள்வது என் வழக்கம்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். எச்சில் ஒழுகும், சாப்பாட்டைத் தள்ளும், இருமும், வாந்தி எடுக்கும். சளி என்று நினைத்துக் கஷாயம் காய்ச்சுவோம். சில குழந்தைகளிடம் எந்த அறிகுறியும் இருக்காது.

விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, தண்ணீர், பழம் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, "பேட்டரி விழுங்கிட்டான், எண்டோஸ்கோப்பி இருக்கிற ஆஸ்பத்திரி வேணும்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஒரு வயசு தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, எச்சிலை விழுங்க முடிகிறது என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் தரலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் அரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதைத் தேடி அடுக்களையில் நிற்காதீர்கள். ஒரு வயசுக்குள் தேனே கூடாது.

அதே மாதிரி பேட்டரி இன்னொன்று இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். எக்ஸ்ரேவில் பேட்டரியும் காசு மாதிரி வட்டமாகத்தான் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர்கள் பிரித்தறிவார்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான், சொட்டு மருந்து விடாதீர்கள். எடுத்த பிறகும் புண் உள்ளே பரவலாம். வாரங்கள் கழித்து ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் திரும்ப ஓடுங்கள்.

எங்கள் வீட்டு அகல் விளக்கு இருபதுக்கும் டேப் ஒட்டியாகிவிட்டது. உங்கள் கொலுப் பெட்டியை இன்றைக்கே ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.