காரணத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

ஆலோசனைக்கு வருபவர் தன் மனத்தைப் பற்றிச் சொல்வதை நம்புவதா, அவர் நடந்துகொள்வதை நம்புவதா என்று கேட்டிருந்தாய். நம் உளவியல் துறையில் இது பழைய வழக்கு.

1879-இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கியபோது, ஒருவர் தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்வதும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு வூர்ட்ஸ்பர்க்கில் இருந்தவர்கள் மனப்படமே இல்லாமலும் எண்ணம் ஓடும் என்றார்கள். கார்னெலில் டிச்சனர் மறுத்தார். உள்ளே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்? 1913-இல் வாட்சன், நடத்தையை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதிவிட்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

நீ அவசியம் படிக்க வேண்டியது, 1977-இல் நிஸ்பெட்டும் வில்சனும் எழுதிய கட்டுரை. ஒரே மாதிரியான 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேராகவே கேட்டபோதும் அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள். பொய் சொல்லவில்லை, வெளியாள் ஊகிப்பதைப்போலத் தங்களைப் பற்றியும் ஊகித்தார்கள்.

இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இப்போது என்ன உணர்கிறோம், எதைக் கவனிக்கிறோம் என்பது அவரவருக்கே தெரியும் என்பதை அந்த இருவரும் மறுக்கவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டது, ‘இதனால்தான் இப்படிச் செய்தேன்’ என்கிற விளக்கத்தை.

இந்த வேறுபாட்டை ஆலோசனை அறைக்குள் கொண்டுபோ. “நெஞ்சை அடைக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அதைத் திருத்த உனக்கு உரிமை இல்லை. (இசிஜி எடுத்தாரா என்று முதலில் கேட்டுவிடு.) “எல்லாம் என் அப்பாவால்தான்” என்றால், அது அவருடைய ஊகம்; சரியாகவும் இருக்கலாம். ஏன் என்று துருவாதே. துருவினால் கேட்கிறவருக்குப் பிடித்த காரணம் ஒன்று வந்துவிடும். கடைசியாக எப்போது அடைத்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன பேச்சு நடந்தது, பிறகு என்ன செய்தார் என்று கேள். அவர் கண்டதும் பட்டதும் அந்தப் பதில்களில் வரும்.

உன் குறிப்பேட்டிலும் இதே சிக்கல் உண்டு. நீ அனுப்பிய பக்கத்தில் “தந்தைமீது அடக்கிவைத்த கோபம்” என்று இருக்கிறது. அவர் சொன்னதா, நீ நினைத்ததா? பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டையும் பிரித்தெழுதி, மறுபடி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்